சூரியனுக்கும் விசில் அடிப்பாங்களோ?

கடலோர ஒருநாள் சுற்றுலான்னு நம்பிப் போய் மறுபடியும் ஏமாந்தாச்சு. இது மூணாவது தடவை! "டால்பின் நிச்சயம்"னு போட்டிருந்தாங்க. அது என்ன, இவங்ககிட்ட சம்பளமா வாங்குது? மூச்சு வாங்க மேலே வந்து ஒரு நொடி முதுகைக் காட்டிட்டு உள்ளே போயிடுச்சு. அந்த ஒரு நொடியும் முன்னாடி நின்னவரோட செல்ஃபி குச்சிக்குப் பின்னால.

சீல்கள்னு சொல்ற கடல்நாய்கள் பாறைமேல ஏறிப் படுக்கறது பெரும்பாலும் கடல் வத்தின நேரத்துல. எங்களைக் கூட்டிட்டுப் போனதோ கடல் ஏறின நேரத்துல. பாறையே முழுகிக் கிடக்கு. "அங்கதான் படுத்திருக்கும்"னு வழிகாட்டி தண்ணியைக் காட்டுறார். எல்லாரும் தலையாட்டி ஃபோட்டோ வேற எடுக்கறாங்க! எதை?

நினைவுப்பொருள் கடைக்கு மட்டும் முழுசா 45 நிமிஷம். சூரியன் கடலைத் தொட்டா மறைய 2, 3 நிமிஷம்தான். சரியா அப்போதான் விசில். "ஏறுங்க, ஏறுங்க, நேரமாச்சு!" பின்ன எதுக்கய்யா கூட்டிட்டு வந்தீங்க?

ஜன்னல் வழியா அவசரமா ஒரு படம் எடுத்தேன். அதுல சிவப்பாத் தெரியறது சூரியன் இல்ல. முன்னாடி போன வண்டியோட பிரேக் லைட்.