எம்.சி.பி மட்டும் போதாது

எம்.சி.பி என்கிற தானியங்கி சுவிட்ச் இருந்தாலே ஷாக் பயமில்லை என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், அது தப்பு. எம்.சி.பி ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும்தான் விழும், அதாவது கரண்ட்டை நிறுத்தும். ஆளைக் காப்பாற்றுவது, கரண்ட் கசிந்தாலே விழுந்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. எங்கள் வீடு காசிமேட்டில், கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி. உப்புக்காற்றில் எர்த் கம்பி பச்சை பூத்து, இழுத்துப் பார்த்தால் கையோடு வந்துவிட்டது. கிரைண்டரைத் தொட்டால் சுர்ரென்று இருக்கும், அம்மா ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு மாவாட்டுவார், அதையே வைத்தியமாக நினைத்துப் பல வருடம் ஓட்டிவிட்டோம்! எர்த்தைச் சரிசெய்து ஆர்.சி.சி.பி மாட்டிய அன்றே, கிரைண்டரைப் போட்டதும் டப்பென்று விழுந்தது. எலக்ட்ரீஷியன் ஆர்.சி.சி.பியைக் கழற்றிவிடலாம் என்றார், நான் விடவில்லை. கிரைண்டரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒயர் உரிந்து பாடியில் பட்டுக்கொண்டிருந்தது. அப்புறம், ஆர்.சி.சி.பியிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள், விழவில்லை என்றால் மாற்றிவிடுங்கள்.