கொட்டையை எடுத்தாச்சா?

போன வாரம் சித்தப்பா பொண்ணு வாட்ஸ்அப்புல ஒரு டப்பா படம் அனுப்பினா. கடுக்காய்ப் பொடி. "அக்கா, தினம் ராத்திரி ஒரு ஸ்பூன் போடறேன், விடிஞ்சா வயித்தைப் பிடுங்குது"ன்னு. பொடியை விரல்ல தேய்ச்சுப் பாருன்னேன். நறநறன்னு இருக்காம். கொட்டையோட அரைச்சிருக்காங்க. எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கல.

"சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு." சுக்குக்குத் தோலைச் சீவணும், கடுக்காய்க்குக் கொட்டையை எறியணும். நாட்டு மருந்து தெரிஞ்ச எந்த வீட்டிலயும் முதல் பாடமே இதுதான்.

எங்க ஆயா வீடு வேலூர் மாவட்டத்துல அணைக்கட்டுன்னு ஒரு ஊர்ப் பக்கம். மாசி, பங்குனியில ஜவ்வாது மலையிலிருந்து கடுக்காய் இறங்கும். ஆயா ஒவ்வொண்ணா கையில தூக்கிப் பார்க்கும். கனமா, வரிவரியா, ஓட்டை இல்லாம இருக்கணும். அம்மி மேல வெச்சு குழவியால ஒரே போடு. மஞ்சப் பழுப்பா சதை நாலா பக்கமும் தெறிக்கும். பொறுக்கறது எங்க வேலை. சதை முறத்துல, கொட்டை கொட்டாங்குச்சியில. கடைசியா ஆயா கேட்கும்: "பத்து காய் ஒடச்சேன், பத்து கொட்ட கீதான்னு எண்ணுடி." ஒண்ணு குறைஞ்சாலும் முறம் முழுக்கத் தேடணும்.

அந்தச் சதையை இடிச்சுச் சலிச்சு வெச்சுக்கும். மலச்சிக்கலுக்கு ராத்திரி வெந்நீர்ல மூணு விரல்ல அள்ளற அளவு, அவ்வளவுதான். ஸ்பூன் கணக்கெல்லாம் கிடையாது. வாய்ப்புண்ணுக்கு, ஈறுல ரத்தம் கசிஞ்சா, கடுக்காய் போட்டுக் கொதிக்க வெச்ச தண்ணியை ஆறவிட்டுக் கொப்புளிக்கும். நெல்லிக்காயும் தான்றிக்காயும் சேர்ந்தா திரிபலா. "காலையில் இஞ்சி, கடும்பகல் சுக்கு, மாலையில் கடுக்காய்"னு சொல்லாத வீடு உண்டா?

ஒரு தடவை அம்மா அவசரத்துல கடுக்காய்த் தண்ணியை இரும்பு வாணலியில கொதிக்க வெச்சுட்டாங்க. பார்த்துட்டு இருக்கும்போதே மையா கருத்துப் போச்சு. ஆயா அத்தனையும் சாக்கடையில ஊத்திட்டு வாணலியைத் தேய்க்கச் சொல்லிச்சு. என் விரல் நுனியில ரெண்டு நாள் கறை போகல. அந்தக் காலத்துல எழுதற மையே இப்படித்தான் செஞ்சாங்க. கடுக்காயில இருக்கற டானின்ங்கற துவர்ப்புச் சத்து இரும்பை விடாம பிடிச்சுக்கும். வயித்துக்குள்ளயும் அதே கதைதான். அதனால ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை போடறவங்க கடுக்காயை அதோட சேர்க்காதீங்க, மாத்திரை உடம்புல சரியா சேராது. மாசமா இருக்கறவங்க தொடவே வேண்டாம்.

இந்த டானின் நம்ம பழைய வேலூர் மாவட்டத்துக்குப் புதுசா என்ன? ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடின்னு பாலாத்துப் பக்கம் முழுக்க ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோல் பதனிட்டாங்க. வாரக்கணக்குல ஊறணும். அப்புறம் அதுக்குப் பதிலா குரோமிய உப்பு வந்துச்சு, வேலை நாள் கணக்குல முடிஞ்சுது. தோல் கழிவால பாலாறு என்ன ஆச்சுன்னு நமக்குத் தெரியும். 1996-ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்ற அளவுக்குப் போச்சு. கடுக்காய்த் தண்ணியும் அப்படியே ஆத்துல விடக்கூடியது இல்ல, ஆனா அதுல குரோமியம் கிடையாது.

இன்னொண்ணு, சிலருக்குப் பிடிக்காது, இருந்தாலும் சொல்றேன். பொறந்த குழந்தைக்குக் கடுக்காய், மாசிக்காய், வசம்பு இழைச்சு உரை மருந்து ஊத்தற பழக்கம் எங்க வீட்டிலயும் இருந்துச்சு. நான் என் பிள்ளைக்குக் கொடுக்கல. 6 மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான்னு டாக்டருங்க சொல்றது சரி. ஆயா மேல எனக்கு இருக்கற மரியாதை அதனால ஒரு துளி குறையல.

பொடியா வாங்காதீங்க. காயா வாங்குங்க, வேலூர் லாங்கு பஜார் பக்கம் நாட்டு மருந்துக் கடையில கேட்டா எடுத்துக் கொடுப்பாங்க. வீட்டுல நீங்களே உடைங்க. அரை மணி நேர வேலை. சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை சாப்பிடறவங்க கடுக்காயை நம்பி அதை நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு ஆரம்பிங்க.

நேத்து சித்தப்பா பொண்ணு மறுபடி படம் அனுப்பியிருக்கா. அம்மி இல்ல, சின்ன இடிகல்லுல உடைச்சிருக்கா. பத்து காயாம். எண்ணிப் பார்த்தேன், தட்டு ஓரத்துல எட்டு கொட்டைதான் இருக்கு. மீதி ரெண்டையும் தேடச் சொல்லியிருக்கேன்.