காய்ப்புழுவைக் கேட்காமல் டார்வினைப் பற்றிப் பேசாதீங்க

டார்வின் சரியா தப்பா என்று முகநூலில் சண்டை வந்தால் கமெண்ட் நூற்றுக்கணக்கில் விழும். படித்துப் பார்த்தால் ஒருத்தர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறார், எதிரில் இருப்பவர் வேறொரு கேள்விக்கு மறுப்பு எழுதுகிறார். பூமிக்கு வயது என்ன, முதல் உயிர் எப்படி வந்தது, இருக்கிற உயிர்கள் எப்படி மாறுகின்றன: மூன்றும் தனித்தனிக் கேள்விகள். நம் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ என்று இரண்டைச் சேர்த்து ஒரே பாடமாக வைத்திருக்கிறார்கள். டார்வினோ 1859இல் எழுதிய நூலில் முதல் உயிர் உண்டான விதத்தை விளக்கப் போகவே இல்லை.

மூன்றாவது கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். பருத்தி போட்டு இளஞ்சிவப்புக் காய்ப்புழுவோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது புதிதல்ல.

‘பூச்சி மருந்துக்குப் பழகிடுச்சுங்க’ என்போம். எந்தப் புழுவும் பழகுவதில்லை. பிடி (Bt) பருத்தி என்பது புழுவைக் கொல்லும் நஞ்சு செடிக்குள்ளேயே உண்டாகும்படி மரபணு சேர்த்த பருத்தி. அந்த நஞ்சு புழுவின் குடலில் ஒரு புரதத்தில் ஒட்டிக்கொண்டுதான் கொல்கிறது. அந்தப் புரதம் சற்றே மாறிப் பிறந்த புழுக்கள், நஞ்சு வருவதற்கு முன்பே அபூர்வமாக அங்கங்கே இருந்தன. மாறிய மரபணு 1000இல் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய், தகப்பன் இரண்டு பக்கமும் அதை வாங்கிய புழுதான் நஞ்சைத் தாங்கும். அது 10 லட்சத்தில் ஒன்று. ஒரு பக்கம் மட்டும் வாங்கியது ஏறக்குறைய 500க்கு ஒன்று, ஆனால் அது செத்துவிடும். வயல் முழுக்க பிடி மட்டும் இருந்தால் 10 லட்சத்தில் பிழைத்த அந்த ஒன்றுக்குத் துணை, பக்கத்து வயலில் பிழைத்த அதே மாதிரி ஒன்றுதான். இரண்டும் கூடினால் குஞ்சு எல்லாம் நஞ்சைத் தாங்கும்.

இதை உடைக்கத்தான் 450 கிராம் பிடி விதையோடு 120 கிராம் சாதா விதை தந்தார்கள். பிடி வயலைச் சுற்றிலும் சாதாச் செடி 5 வரிசை, அல்லது மொத்தப் பரப்பில் 20 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. சாதாச் செடியில் வளர்ந்த அந்துப்பூச்சிகள் எண்ணிக்கையில் மிகுந்திருக்கும். தாங்கும் பூச்சி அதில் ஒன்றோடு கூடும். பிறப்பது ஒரு பக்கம் மட்டும் வாங்கிய குஞ்சு. அது பிடியைத் தின்று சாகும். புழுவுக்குத் தீனி போட எதற்கு ஐந்து வரிசை என்று அந்தப் பாக்கெட்டை வீசியவர்கள் ஏராளம். பரிணாமத்தைக் கணக்கில் எடுத்து ஒருத்தர் போட்ட திட்டத்தை, அது இன்னதென்று யாரும் சொல்லிக்கொடுக்காததால் குப்பையில் போட்டோம்.

இன்னொரு கோளாறும் உண்டு, அதில் விவசாயியின் தப்பு ஒன்றுமில்லை. இங்கே விற்பது வீரிய ஒட்டு ரகம், அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து எடுத்த விதை. பெற்றோரில் ஒன்றிலிருந்து மட்டும் நஞ்சு மரபணு வருவதால், ஒற்றை மரபணு ரகத்தின் காய்க்குள் நாலு விதைக்கு ஒரு விதையில் நஞ்சே இருக்காது. இரட்டை மரபணு ரகத்தில் ஒரே நஞ்சு மட்டும் உள்ள விதைகளும் கலந்து வரும். இந்தப் புழு தின்பதே விதையைத்தான். அரைகுறை நஞ்சில், ஒரு பக்கம் மட்டும் வாங்கிய புழுவும் தப்பிக்க வழி கிடைக்கிறது. போதாததற்குக் கடைசிப் பறிப்புக்காகச் செடியை மாதக்கணக்கில் நீட்டி நிறுத்துகிறோம். புழுவுக்கு மேலும் தலைமுறைகள். 2002இல் பிடி பருத்திக்கு அனுமதி, 2006இல் இரண்டு நஞ்சு உள்ள ரகம். முதல் நஞ்சைக் குஜராத்தில் புழு தாங்குகிறது என்று விதை நிறுவனமே 2010இல் ஒப்புக்கொண்டது. 2014-15 வாக்கில் இரண்டாவதும் போயிற்று. இதே புழுவை அரிசோனாவில் சாதாப் பருத்தியை ஒழுங்காக விட்டு, பிறகு மலட்டு அந்துப்பூச்சிகளைப் பறக்கவிட்டுக் கட்டுப்படுத்தினார்கள். 2018இல் அமெரிக்கப் பருத்திப் பகுதிகளில் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். புழுவும் ஒன்று, நஞ்சும் ஒன்று. இனக்கவர்ச்சிப் பொறியில் தொடர்ந்து மூன்று இரவு எட்டு எட்டுப் பூச்சி விழுந்தால் மருந்து அடி என்கிற நிலைக்கு நாம்தான் திரும்பி வந்திருக்கிறோம்.

‘அதெல்லாம் சரி, புழு புழுவாகத்தானே இருக்கு, ஒரு இனம் இன்னொரு இனமானதை யார் பார்த்தது?’ நியாயமான கேள்வி. பதிலும் பருத்தியிலேயே இருக்கிறது. நம் நாட்டுப் பருத்தியான கருங்கண்ணிக்கு 26 குரோமோசோம். ‘கம்போடியா’ என்று இங்கே வந்து சேர்ந்த அமெரிக்க இனத்துக்கு 52. இரண்டையும் கூட்டினால் 39 குரோமோசோமோடு செடி வரும், ஆனால் அது மலடு. 52 குரோமோசோம் உள்ள அந்த அமெரிக்க இனம், ஆசிய-ஆப்பிரிக்க வகை ஒன்றும் அமெரிக்கக் காட்டு வகை ஒன்றும் சுமார் 10 முதல் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கலந்து, குரோமோசோம் இரட்டித்து உண்டானது. இது வெறும் ஊகம் என்று தள்ள முடியாது. பீஸ்லி என்ற ஆய்வாளர் 1940இல் நம் கருங்கண்ணியின் இனத்தையும் அமெரிக்கக் காட்டுப் பருத்தியையும் கலந்து, கால்சிசின் என்ற வேதிப்பொருள் வைத்துக் குரோமோசோமை இரட்டித்தார். வந்த செடி, 52 குரோமோசோம் உள்ள அமெரிக்கப் பருத்தியோடு இனம் கூடியது. கோடி வருடம் காத்திருக்கவில்லை.

அடுத்து, பூமியின் வயது. சில நண்பர்கள் 6,000 ஆண்டு என்கிறார்கள். நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் கிடக்கும் அனார்த்தோசைட் பாறை, சந்திரயான்-2க்காக இஸ்ரோ நிலவு மண் மாதிரி தயாரிக்க எடுத்த அதே பாறை, 250 கோடி ஆண்டுக்கு மேற்பட்டது. பாறைக்குள் இருக்கும் சிர்கான் என்ற கனிம மணி உருவாகும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தைச் சேர்க்காது. எனவே இன்று உள்ளே இருக்கும் ஈயம் யுரேனியம் சிதைந்து வந்தது. ஒருவகை யுரேனியம் பாதியாக 447 கோடி ஆண்டு ஆகும், இன்னொரு வகைக்கு 70 கோடி. இரண்டையும் தனித்தனியே அளந்து, விடை ஒத்துப்போனால்தான் எடுத்துக்கொள்வார்கள். சூட்டில் ஈயம் கசிந்திருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது, குட்டு வெளிப்பட்டுவிடும். ‘ஒரே கல்லுக்கு இரண்டு வயது சொல்றாங்க’ என்று கிண்டல் செய்வதுண்டு. பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய பாறைகளில் சிர்கானின் நடு 250 கோடி, ஓரம் 55 கோடி என்று வருவது உண்மைதான். பாறை இரண்டாம் முறை சூடேறியபோது ஓரத்தில் புதிதாகப் படிந்தது அது. இந்தச் சூட்டினால்தான் கொங்குப் பாறைகளில் புதைபடிவம் தேடிப் பயனில்லை. அதற்கு அரியலூர் போக வேண்டும்.

முதல் உயிர் விஷயத்தில் மட்டும் பகுத்தறிவுத் தோழர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம். மில்லர் என்ற வேதியியலாளர் 1953இல் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவியில் மின்பொறி விட்டு, புரதத்தின் கட்டுமானப் பொருளான அமினோ அமிலம் எடுத்தார், உயிரை எடுக்கவில்லை. பூமியின் ஆதிக் காற்று அப்படி இருந்ததா என்பதிலேயே பின்னால் சந்தேகம் வந்தது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு 2009இல் நோபல் கிடைத்தது, செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் பற்றிய ஆய்வுக்காக. புரதத்தைக் கோக்கும் அதன் மையம் புரதத்தால் அல்ல, டி.என்.ஏ.வுக்கு உறவான ஆர்.என்.ஏ.வால் ஆனது, புரதத்துக்கு முன்பே ஆர்.என்.ஏ. வேலை பார்த்திருக்கலாம் என்பதற்கு இது வலுவான தடயம். முழு வழி இன்னும் தெளிவாகவில்லை. அதற்காகக் காய்ப்புழுக் கணக்கு பொய்யாகிவிடாது.

கடவுளை நம்புவதற்கு இதில் எதுவும் குறுக்கே நிற்கவில்லை. போப் இரண்டாம் ஜான் பால் 1996இல் பரிணாமம் வெறும் கருதுகோள் அல்ல என்று சொன்னார். நம் பக்கம் ‘புல்லாகிப் பூடாய்ப் புழுவாய்’ என்ற சிவபுராண வரியைக் காட்டி டார்வினுக்கு முன்பே சொல்லிவிட்டோம் என்பார்கள். அது ஓர் உயிர் பிறவிதோறும் எடுக்கும் உடல்களைப் பற்றியது. பரிணாமத்தில் தனி உயிர் மாறுவதில்லை, கூட்டத்தில் விகிதம் மாறுகிறது. அந்த வரியைப் பக்தியோடு பாடுங்க, உயிரியல் பாடமாக்காதீங்க.

எனக்குக் கோபம் வேறிடத்தில். குரங்கு மனிதனானதை யாரும் பார்க்கவில்லை என்று 2018இல் ஒன்றிய இணை அமைச்சரே பேசினார், 2023இல் ஒன்றிய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதி காணாமல் போனது. மேலே உயிரியல் படிக்கிறவனுக்குப் பன்னிரண்டாவதில் கிடைக்கும். பத்தாவதோடு தோட்டத்துக்கு வருகிற பையனுக்கு? மாநிலப் பாடத்தில் இன்னும் இருக்கிறது. வாத்தியார்களே, குரங்கு நிமிர்ந்து நிற்கும் படத்தை ஒரு வருடம் தள்ளிவைத்து, கரும்பலகையில் 10 லட்சத்தில் ஒன்று, 500க்கு ஒன்று, ஐந்து வரிசை என்று போட்டுக் காட்டுங்க.