சான்றிதழ் வேறு, உரிமம் வேறு

பி.டி.சி.பி. (பார்மசி டெக்னீஷியன் சான்றிதழ் வாரியம்) நடத்தும் தேர்வில் தேர்ச்சி பெற்றால் அமெரிக்காவின் எந்த மாநிலத்திலும் பார்மசி டெக்னீஷியனாக, அதாவது மருந்தகத்தில் மருந்தாளுநருக்கு உதவும் பணியாளராகச் சேரலாம், தனி உரிமம் தேவையில்லை என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் வருகிறார்கள். அந்தத் தகவல் சரியல்ல.

பி.டி.சி.பி. அரசு அமைப்பு அல்ல. அது தருவது தகுதிச் சான்றிதழ் மட்டுமே. வேலை செய்ய அனுமதிப்பது பெரும்பாலும் அந்தந்த மாநிலத்தின் மருந்தக வாரியம். விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் இந்த வேலைக்கு மாநில உரிமம் கட்டாயம். அந்த உரிமத்துக்குத் தகுதி பெறப் பல வழிகள் உண்டு. சான்றிதழ் அவற்றில் ஒன்று, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி இன்னொன்று. எந்த வழியில் வந்தாலும் விண்ணப்பம், கட்டணம், கைரேகை, குற்றப் பின்னணிச் சோதனை ஆகியவற்றைத் தாண்டித்தான் ஆகவேண்டும். டெக்சாசில் பொதுவாகச் சான்றிதழும் வேண்டும், வாரியத்தில் பதிவும் வேண்டும்.

இதை யாரும் சில நிமிடங்களில் சரிபார்க்கலாம். நீங்கள் வேலை தேடும் மாநிலத்தின் மருந்தக வாரிய இணையதளத்தில் டெக்னீஷியன் விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து, தகுதிகள் என்ற பகுதியைப் படியுங்கள். கலிபோர்னியா நுகர்வோர் விவகாரத் துறையின் உரிமத் தேடல் பக்கத்தில் ஒருவருடைய பெயரை இட்டாலே உரிம எண், அது செல்லுபடியாகிறதா, எப்போது காலாவதியாகும் என்பதெல்லாம் வரும். சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவரின் பெயர் அதில் இருக்காது.

குடும்பத்தோடு அமெரிக்கா போய்ப் புதிதாக வேலை தேடுபவர்கள், பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே அந்த விண்ணப்பப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.