30 நாளில் பாஸ்வேர்டு மாற்றாவிட்டால் கணக்கு போய்விடுமா?

‘30 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றாவிட்டால் மெயில் கணக்கு மூடப்படும், இந்த லிங்கில் மாற்றுங்கள்’ என்றொரு செய்தி சுற்றுகிறது. அப்படி ஒரு பொது விதி கிடையாது.

அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், 2017இல் வெளியிட்ட எஸ்பி 800-63பி வழிகாட்டியிலேயே, காரணமின்றிக் குறிப்பிட்ட இடைவெளியில் மாற்றச் சொல்ல வேண்டாம் என்கிறது. அதன் தளத்தில் யாரும் படிக்கலாம். பாஸ்வேர்டு கசிந்தது தெரிந்தால் உடனே மாற்றுங்கள். அடிக்கடி மாற்ற வைத்தால் பலரும் பழையதன் கடைசியில் ஒரு எண்ணைத்தான் கூட்டுகிறார்கள். திருடனுக்கு அது எளிது.

ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியாக, நீளமாக வைத்து, பாஸ்வேர்டுகளைச் சேமித்துத் தானாக நிரப்பும் செயலியான பாஸ்வேர்டு மேனேஜரில் சேமியுங்கள். அப்புறம், முகவரி பொருந்தாத போலித் தளத்தில் அது தானாக நிரப்பாது. எனக்கு இதுதான் பெரிய நன்மையாகத் தெரிகிறது.

சந்தேகமா? லிங்கைத் தொடாமல், முகவரியை நீங்களே தட்டி உள்ளே போய்ப் பாருங்கள். அந்தச் செய்தியை தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.