"டக்" என்றால் மோட்டார் போச்சாம்!

படகு எஞ்சினின் சாவியைத் திருப்பினால் "டக்". அவ்வளவுதான். மறுபடி திருப்பினால் மறுபடியும் "டக்". இந்தச் சத்தத்துக்கு இரண்டே மாதத்தில் 730 வெள்ளி அழுதிருக்கிறேன். கோளாறு எதில் இருந்தது தெரியுமா? ஒரு முழ நீளக் கறுப்பு வயரில்.

தேசிய சேவைக் காலத்து நண்பனும் நானும் சேர்ந்து வாங்கிய 16 அடி ஃபைபர் படகு அது. பின்னால் வெளியே மாட்டிய 40 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். சிங்கப்பூரில் பொங்கோல் பக்கம் நிறுத்தி வைத்திருக்கிறோம். ஞாயிறு விடிவதற்குள் உபின் தீவுப் பக்கம் போய்த் தூண்டில் போட்டுவிட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவோம். அன்று மேற்கே வானம் கறுத்தது. சுமத்ராக் காற்று, மேற்கிலிருந்து திடீரென்று மழையோடு அடிக்கிற சூறை. அது வந்தால் சும்மா வராது என்று இங்கே படகு வைத்திருப்பவனுக்குத் தெரியும். அவசரமாக நங்கூரத்தைத் தூக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினால், "டக்". அந்தப் பக்கம் ஜொகூர், இந்தப் பக்கம் மழை, நடுவில் நாங்கள். மேல்மூடியைக் கழற்றி, எஞ்சின் மேலிருக்கும் ஃபிளைவீல் சக்கரத்தில் கயிறு சுற்றி இழுத்துத்தான் கிளப்பினோம். நண்பனின் உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது.

"பேட்டரிதான் மச்சான்" என்றான் அவன். சரி, புது பேட்டரி, 220 வெள்ளி. சாவியைத் திருப்பினேன். "டக்".

அப்புறம் மெக்கானிக் அங்கிள் வந்தார். ஒரு தடவை சாவியைத் திருப்பினார், காதைக் கொடுத்தார், "மோட்டார் ஃபினிஷ் லா பிரதர்" என்றார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. மீட்டர் வைத்துப் பார்த்தாரா? இல்லை. ஒரு வயரையாவது தொட்டாரா? அதுவும் இல்லை. எஞ்சினைச் சுற்றிக் கிளப்பிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார் புதுசு 430, கூலி 80. மாட்டியதும் ஜம்மென்று கிளம்பியது. இரண்டு வாரம் நான் அவரைத் தெய்வமாக நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஞாயிறு, படகை இறக்கும் சரிவிலேயே "டக்".

இதற்குள் ஆளாளுக்கு வைத்தியம். ஒருவர் சுத்தியலால் மோட்டாரைத் தட்டச் சொல்கிறார். இன்னொருவர் நியூட்ரலில் இருக்கிறதா பார் என்கிறார். ஐயா, கியரில் இருக்கும்போது கிளம்பவிடாத அந்த நியூட்ரல் சுவிட்ச் தடுத்தால் பெரும்பாலும் அந்த "டக்"கே வராது! ஃபியூஸ் போனாலும், சாவி சுவிட்ச் போனாலும் அதே கதைதான், சத்தமே இருக்காது. "டக்" என்பது சொலினாய்டு, அதாவது மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச், இழுக்கிற சத்தம். சாவியிலிருந்து உத்தரவு அதுவரைக்கும் ஒழுங்காக வந்து சேர்கிறது என்று அர்த்தம். அதற்கப்புறம் தடிமனான வயர் வழியாக மோட்டாருக்குப் போகவேண்டிய கரண்ட்தான் எங்கேயோ மாட்டிக்கொள்கிறது. மோட்டார் 'விர்ர்' என்று சுற்றி எஞ்சின் மட்டும் அசையாமல் நின்றால் அது வேறு வியாதி, மோட்டார் தலையில் இருக்கும் சின்னப் பல்சக்கரம் உப்பிலோ பழைய கிரீசிலோ இறுகி மேலே ஏறவில்லை. இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல ஓர் ஆள் இல்லை.

கடுப்பில் சிம் லிம் டவருக்குப் போய் 25 வெள்ளிக்கு வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். சும்மா இருக்கும்போது பேட்டரி 12.6 வோல்ட். நண்பன் சாவியைத் திருப்பிப் பிடிக்க, "டக்" அடித்த நேரத்தில் 12.1. அங்கேயே எனக்குப் பொறி தட்டியது. பேட்டரி சொத்தை என்றால் அந்த நேரத்தில் 9-க்கும் கீழே விழுந்திருக்கும். மோட்டார் உள்ளே சிக்கிக்கொண்டு கரண்டை உறிஞ்சினாலும் நன்றாகவே இறங்கியிருக்கும். இது விழவில்லை. அப்படியானால் வழியில்தான் அடைப்பு.

சிவப்பு வயர் பக்கம் குறையில்லை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முளையிலும், இன்னொரு முனையை எஞ்சின் உடம்பிலும் வைத்து, "திருப்புடா" என்றேன். அரை வோல்ட்டுக்குள் காட்டவேண்டிய இடத்தில் 8 வோல்ட்! பேட்டரி கொடுப்பதில் பெரும்பகுதியை, நெகட்டிவையும் எஞ்சினையும் இணைக்கும் அந்தக் கறுப்பு வயரே தின்றுகொண்டிருக்கிறது.

வெளியே பார்த்தால் வயர் புத்தம் புதுசு மாதிரி இருந்தது. பேட்டரிப் பக்கத்து முனையில் ரப்பர் உறையைக் கத்தியால் கீறினேன். பச்சைப் பொடி கொட்டியது. உள்ளே செம்புக் கம்பிகளில் நாலைந்துதான் மிச்சம், அவையும் கறுத்துப்போய் விரலால் தொட்டதும் ஒடிந்தன. வெள்ளீயம் பூசாத சாதா செம்பு, படகின் அடியில் உப்புத் தண்ணீர் தேங்கும் மூலையில். மோட்டாரை மாற்றும்போது அங்கிள் அந்த முனையைக் கழற்றி மாட்டியிருக்கிறார். அந்த அசைவில் இரண்டு வாரம் ஒட்டிக்கொண்டு ஓடியிருக்கிறது. கையில் பிடித்த வயரையே பார்க்கவில்லை மனிதர்! நானும் யோக்கியனில்லை. ஒவ்வொரு தடவையும் எஞ்சினுக்கு நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவேன், பேட்டரிப் பெட்டிக்கு அடியில் ஒருநாளும் எட்டிப்பார்த்ததில்லை.

வெள்ளீயம் பூசிய புது வயர், இரண்டு முனை, சூடு காட்டினால் சுருங்கும் பசையுள்ள உறை, எல்லாம் சேர்த்து 18 வெள்ளி. அன்றிலிருந்து தொட்டால் கிளம்புகிறது. அங்கிளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "பழைய மோட்டார்தானே பிரதர், எப்படியும் மாத்தணும்" என்கிறார்!

அந்தப் பழைய மோட்டாரை நேராகப் பேட்டரியில் வைத்துப் பார்த்தேன். கிண்ணென்று சுற்றுகிறது. இப்போது எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டு ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அது என்ன என்று கேட்ட மனைவியிடம் இன்னும் விலையைச் சொல்லவில்லை.