'நாட்டாமை' படத்தோடு பிறந்த வழக்கு அல்ல

"நாட்டாமை பண்ணாதே" என்ற வழக்கு 1994-இல் வந்த 'நாட்டாமை' படத்துக்குப் பிறகு வந்தது, சொல்லுக்குள் 'ஆண்மை' இருப்பதால் ஆண்களுக்கே பொருந்தும் என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டுமே தவறு. படம் ஊரில் இருந்த சொல்லைத்தான் தலைப்பாக எடுத்தது. மூலம் நாட்டாண்மை; ஆள் + மை = ஆண்மை, அதாவது ஆளுதல். குறள் 1026-இல் வரும் 'இல்லாண்மை'யும் (குடியை ஆளுதல்) இப்படித்தான். முதலில் அது பதவியின் பெயர். ஆளைக் குறித்தது 'நாட்டாண்மைக்காரர்'. பிறகுதான் 'காரர்' என்ற வால் அறுந்தது.

வசவாகும்போது, யாரும் தராத அதிகாரத்தை எடுத்துக்கொள்வது என்று பொருள். அடுத்த வீட்டுச் சமையலில் "புளி போதும், அடுப்பைக் குறை" என்று உத்தரவு போடும் அத்தையும் பண்ணுவது நாட்டாமைதான். உத்தரவு போடாமல் துருவித் துருவி விசாரித்தால் அது மூக்கை நுழைப்பது. பெரியவர் பேச்சில் சிறுவர் குறுக்கிட்டால் அதிகப்பிரசங்கித்தனம். மேலாளர் வேலை சொல்வதை நாட்டாமை என்பது பொருந்தாது, அவருடைய வேலையே அதுதானே!